குறுகிய வாழ்வும் நெடிய இசையும்

நெடுங்காலம் நிலைத்த இசைக்குழுவே பெருமைக்குரியது என்று கருதுவோர் பலர். இக்கொள்கை நமக்கு உடன்பாடன்று. சில ஆண்டுகளே கூடிப் பாடியவரின் இசையும் நெடிது வாழ்தல் கூடும். அங்ஙனம் வாழ்விப்பது பாடுவோர் திறன் மட்டுமன்று, கேட்போர் கடமையுமாம்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. விருதுநகரிலிருந்து சிவகாசி வழியாகச் செல்லும் இருப்புப்பாதை செங்கோட்டையை அடைகின்றது. அவ்வூரில் 1906-ஆம் ஆண்டு பிறந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. கொடுமுடியில் 1908-இல் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். இருவரும் இளம் பிராயத்திலேயே நாடக மேடை ஏறியவர்கள். இலங்கையில் ஒருங்கே நடிக்கத் தொடங்கி, 1927-இல் மணம் புரிந்துகொண்டனர். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் அவர் வேலனாகவும் அம்மையார் வள்ளியாகவும் தோன்றி, பாட்டுக்குப் பாட்டு விடையிறுத்துத் தர்க்கம் புரிவர். ஒலிபெருக்கியின் துணையின்றியே கிட்டப்பாவின் உச்ச ஸ்தாயி கடைசி வரிசையில் இருப்போர் செவிக்கும் எட்டியது.

இவ்விணை நிலைத்தது சில ஆண்டுகளே. இடையே பிணக்கும் புகுந்தது. 1933 டிசம்பர் 2-ஆம் நாள், தம் 27-ஆம் வயதில், கிட்டப்பா காலமானார். தமிழில் பேசும்படம் 1931-இலேயே தோன்றியிருந்தும், அவர் திரையில் தோன்றாமலே மறைந்தார். வெண்ணுடை பூண்ட சுந்தராம்பாள், இனி எவ்வாடவருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார். 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் தாமே நந்தனாராக ஆண் வேடம் பூண்டார்.

கிட்டப்பாவின் குரலை இன்றும் நாம் கேட்பது கிராமபோன் இசைத்தட்டுக்களின் உதவியால். பக்கத்திற்கு மூன்று, நான்கு நிமிஷமே கொள்ளும் அத்தட்டுக்களில், விடியுமளவும் நடந்த தர்க்கம் அடங்குமோ? அடங்காது. எனினும், அத்துணையேனும் எஞ்சியது பெரும் பேறன்றோ!

இனி, நம் பக்கத்து ஊர்களை நோக்குவோம். எம். புதுப்பட்டி முதலிய இவ்வட்டாரத்துக் கிராமங்களில் முளைப்பாரி எடுக்குங்கால் பெண்டிர் வட்டமிட்டுக் கும்மி பாடுவர். அக்குழுக்களின் ஆயுளும் குறுகியதே. ஒருத்தி மணமாகி வேற்றூர் செல்வாள். மற்றொருத்தி தீப்பெட்டி ஆபீசிலோ பட்டாசு ஆலையிலோ வேலைக்கமர்வாள். பாட்டுத் தலைவி மூப்படைவாள். குழு கலைந்தபின் பாட்டை யார் அறிவார்?

"கிட்டப்பாவெங்கே, கும்மிப் பாட்டெங்கே?" என்று சிலர் நகைக்கலாம். புகழில் இரண்டும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. பதிந்து வையாக்கால் இரண்டும் ஒருங்கே காற்றோடு போகும் என்பதே நாம் சொல்வது. புகழ் பெற்றவரை நாடி இசைத்தட்டுக் கம்பெனிகள் சென்றன. கும்மி பாடும் மாதரை நாடிச் செல்ல வேண்டியவர் அவர்தம் மக்களாகிய நம் மாணவரே.

முற்காலத்தில் இசையைப் பதிவு செய்தல் பெருஞ்செலவுள்ள காரியம். இன்றோ மாணவர் சட்டைப்பையிலேயே அதற்குரிய கருவி உள்ளது. விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும், பாடுவோரின் இசைவு பெற்று, ஒரு பாட்டையேனும் முழுமையாகப் பதிந்து வருவாராக. பாடியவர் பெயர், ஊர், ஆண்டு, பாடிய சமயம் ஆகியவற்றையும் உடன் எழுதி, நம் கலாசாலைப் புத்தகசாலையில் சேர்ப்பாராக. பாட்டியார் பாடி முடிக்குமுன் இதைச் செய்தல் வேண்டும். பின்னர் வருந்துவதாற் பயனில்லை.