கந்தலுக்கு விலையா?

கந்தல் என்ற சொல்லை நாம் வசவாகவே வைத்திருக்கிறோம். குடித்தனம் கெட்டால் கந்தல், கதை மோசமாயிருந்தால் கந்தல். அந்தச் சொல்லின் உடன்பிறப்பை வங்காளி பெருமையோடு உச்சரிக்கிறான். காந்தா என்றால் அவனுக்குப் போர்வை. பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே வர்ண நூலை உருவி, அந்த நூலாலேயே பெண்கள் தைத்த போர்வை. அதன் பெயரைத் தலைப்பில் வைத்து ஜஸீமுத்தீன் 1929-இல் ஒரு காவியமே எழுதினார். நம்மில் யாராவது கந்தலைப் பாடினால் பெரும்பாலும் அது பஞ்சப் பாட்டாகத்தான் இருக்கும்.

இந்தக் கோபம் எனக்கு நெடுநாளாக உண்டு. பங்குனியில் உத்தர கன்னட மலைகளுக்குப் போய் வந்த பிறகு அதை அடக்கிக்கொண்டிருக்க முடியவில்லை.

யெல்லாப்பூரில் தங்கி, மாகோடு அருவியையும் ஜேனுகல்லுக் குன்றையும் நடந்தே பார்ப்பதென்று கிளம்பிய கோஷ்டி அது. ஜேனுகல் என்றால் தேன்கல். பங்குனியில் அந்தக் காட்டுக் கொழுந்துகள் பச்சையாக இருப்பதில்லை. செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கிய நிறம். கீழே பேட்தி ஆறு. இதை எல்லோரும் ரசித்தோம். எங்களோடு வந்த ஒரு பெண்மணி மட்டும், தையற்காரரிடம் வாங்கிய வெட்டுத் துண்டுகளை ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். உட்கார்ந்த இடத்திலெல்லாம் இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைப்பாள். "மலைக்கு வந்தும் ஊசியா?" என்று கேலி செய்தார்கள். அந்த நேரத்தில் கேலி செய்தவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் சித்திகள் இருக்கிறார்கள். சித்தி என்றதும் அம்மாவின் தங்கையை நினைத்துக்கொள்ள வேண்டாம். போர்த்துக்கீசியரும் பிறரும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் சந்ததி இவர்கள். கோவாவிலிருந்து தப்பி வந்து காட்டுக்குள் புகுந்தவர்கள் பலர். ஹிந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் மூவரும் இவர்களில் உண்டு. கர்நாடகத்தில் பழங்குடியினர் என்ற அங்கீகாரம் 2003-இல்தான் கிடைத்தது. மூன்று மதத்துப் பெண்களும் ஒரே மாதிரி ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள்.

தைக்கும் முறையைச் சொல்ல வேண்டும். அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்குகிறார்கள். கந்தல் துண்டின் விளிம்பை உள்ளே மடித்து வைத்து, நூலோட்டிக்கொண்டே ஓரமாகச் சுற்றி வருகிறார்கள். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று உள்ளே. இப்படிப் போய் நடுவில் முடிகிறது. முன்கூட்டிப் படம் போட்டு வைத்துக்கொள்வதில்லை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதைக் கையும் கண்ணும் தீர்மானிக்கின்றன. நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துத் தைத்து அதைப் பூ என்கிறார்கள். பூ வைக்காத போர்வை அவர்களுக்கு அம்மணமான போர்வை. குழந்தையின் சட்டை, பாட்டியின் சேலை, புருஷன் வயலுக்குக் கட்டிப்போன வேட்டி எல்லாம் அதில் இருக்கும்.

ஒரு வீட்டுத் திண்ணையில் அப்படி ஒன்று விரித்திருந்தது. அந்த அம்மாள் சொன்ன விலை எங்கள் விடுதியின் ஒருநாள் வாடகையைவிடக் குறைவு. கோஷ்டியில் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர். "என்ன சார் இது, கந்தலுக்கு விலையா? கடையில் புதுக் கம்பளியே இதைவிட மலிவாகக் கிடைக்கும்!" என்றார் என்னிடம்.

அவருக்கு நான் அங்கேயே சொன்ன பதிலை இங்கே விரித்துச் சொல்கிறேன். அன்று காலை ஜீப் போகிற பாதையில் இரண்டு மணி நேரம் நடந்தே ஏறியதை அவர் நாலு பேருக்கு டெலிபோனில் சொன்னார். ஜீப் இருக்கும்போது கால் ஏன் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. தம் காலின் உழைப்பை மட்டும் சாதனை என்று மதிக்கிறவர், அந்த அம்மாளின் விரல் உழைப்பைத் துணியின் விலைக்குள் அடக்கப் பார்க்கிறார். அவர் நடந்தது பொழுதுபோக்கு. அவள் தைத்ததோ, மழைக்காலம் வந்தால் குழந்தைகள் நடுங்காமல் தூங்க வேண்டுமே என்று. விற்க வந்தது அதில் மிஞ்சியது.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. அவர்கள் கந்தலை வெறுப்பதில்லை, கொண்டாடுகிறார்கள். புதுத் துணியைக் கஜக் கணக்கில் வாங்கி, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி ஒன்றாகத் தைத்து, அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்கிறார்கள். தைக்கட்டும், நல்ல பழக்கம்தான். சிக்கனம் என்று மட்டும் சொல்ல வேண்டாம். வெட்டுத் துண்டுப் பை கொண்டுவந்த எங்கள் பெண்மணி இந்த ரகம் அல்ல.

கண்காட்சியில் மாட்டினால் இதே கந்தல் கலையாகிவிடுகிறது. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு நீக்ரோக் குடியானவர்களின் ஊர். 1942-இல் அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவனின் வேலை உடுப்புகளைக் கிழித்துப் போர்வை தைத்தாள், அதற்குள் சுருண்டு படுத்துக்கொள்ள. 2002-இல் அந்த ஊர்ப் போர்வைகளை நியூயார்க் விட்னி மியூசியத்தில் சுவரில் மாட்டியபோது விமரிசகர்கள் வியந்து எழுதினார்கள். 2007-இல் அந்த ஊர்ப் பெண்கள் சிலர் தங்களுக்குச் சேர வேண்டிய பணத்துக்காகக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. புகழ் சுவருக்குப் போயிற்று. கைக்குப் போக வழக்குப் போட வேண்டியிருந்தது.

உத்தியோகஸ்தர் கடைசியாக ஒரு பாணம் விட்டார்: "யார் யாரோ கட்டிக் கழித்த துணி சார். நம் வீட்டில் எப்படிப் படுக்க முடியும்?" தீட்டுப் பேச்சுக்கு இப்போது சுகாதாரம் என்று பெயர். அந்தப் போர்வையை ஆற்றில் அலசி வெயிலில் உலர்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் போனாலே வெயில் வாசனை வந்தது. முந்தின இரவு விடுதியில், ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் போர்த்திய கம்பளியைத் தாடை வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் விட்ட குறட்டை அடுத்த அறையிலிருந்த எனக்குக் கேட்டது.