செம்பு கூடினாலும் குறைந்தாலும்

நன்றாகப் படித்துவந்த பிள்ளையின் கையெழுத்து பத்தாம் வகுப்பில் கோணலாகிறது. மதிப்பெண் இறங்குகிறது. எரிச்சல், பிடிவாதம், காரணமில்லாத சிரிப்பு. சில மாதங்களில் பேச்சு குழறி, வாயோரம் எச்சில் வடிகிறது. பெற்றோர் ஆசிரியரைப் பார்க்கிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள், கடைசியில் மனநல மருத்துவரிடம் வருகிறார்கள். மருந்து தொடங்கியபின் கை நடுங்கினால், அது மருந்தின் பக்கவிளைவு என்று எழுதிவிடுகிறோம். ஆனால் பிள்ளைக்கு இருப்பது உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய். இந்நோயாளிகளுக்கு மனநோய் மருந்துகளால் நடுக்கமும் விறைப்பும் எளிதில் வரும் என்பதால் அந்த முடிவு பொருத்தமாகவே தோன்றும். இத்தனைக்கும் நடுவே யாரும் பிள்ளையின் கருவிழியை ஸ்லிட் லேம்ப்பில் வைத்துப் பார்ப்பதில்லை.

அந்தக் கண்ணில் விடை இருப்பது நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. 1902இல் கைசர் கருவிழி ஓரத்துப் பழுப்புப் பச்சை வளையத்தைப் பதிவுசெய்தார். அவர் பார்த்த நோயாளிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றே கருதப்பட்டது. அடுத்த ஆண்டு ஃபிளைஷரும் எழுதினார். 1912இல் கின்னியர் வில்சன் ‘பிரெய்ன்’ இதழில், மூளையின் லென்டிஃபார்ம் உட்கருவும் கல்லீரலும் சேர்ந்து கெடுவதை விரிவாக விளக்கினார். கண் வளையம் அதில் இடம்பெறவில்லை. மூளையிலும் கல்லீரலிலும் செம்பு மிகுந்திருப்பதை 1948இல் கமிங்ஸ் காட்டினார். 1956இல் ஜான் வால்ஷ் பெனிசிலமினைக் கொண்டுவந்தபின், காலத்தில் கண்டறிந்தால் இந்த மரபுநோய் மருந்துக்குக் கட்டுப்படும் என்றானது. நரம்பியல் அறிகுறி உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வளையம் இருக்கும். கல்லீரல் பாதிப்பு மட்டும் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே இருக்கும். அங்கே வளையம் இல்லை என்பதைக் கொண்டு நோய் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

ஆய்வகத் தாளில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. செம்பு மிகுந்த நோய் என்பதால் இரத்தத்தில் செம்பு கூடியிருக்கும் என எதிர்பார்க்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் குறைந்தே இருக்கும். ஏ.டி.பி.7பி மரபணு பழுதானால் கல்லீரல் செம்பைப் பித்தநீரில் வெளியேற்றவும் முடியாது, செருலோபிளாஸ்மினில் ஏற்றவும் முடியாது. இரத்தத்துச் செம்பில் பெரும்பங்கு அந்தப் புரதத்தோடு இணைந்தது. புரதம் குறைந்தால் மொத்த அளவும் குறையும். தேங்கிய செம்பு பிறகு மூளைக்குப் போகிறது, சிறுநீரிலும் கசிகிறது. ஆகவே 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துப் பாருங்கள். அறிகுறி உள்ளவர்களிடம் அது வழக்கமாக 100 மைக்ரோகிராமைத் தாண்டும். கர்ப்பத்திலும் அழற்சியிலும் செருலோபிளாஸ்மின் உயர்ந்து நம்மை ஏமாற்றும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இதன் மறுபக்கமான செம்புக் குறைபாட்டை நாமே உண்டாக்குகிறோம். துத்தநாக மாத்திரையைக் கொரோனா காலத்தில் தாராளமாக எழுதினோம். அந்தப் பழைய சீட்டைக் காட்டி இன்றும் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடுவோர் உண்டு. மிகுந்த துத்தநாகம் குடல் செல்களில் மெட்டலோதயோனினைப் பெருக்கும். அது செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ள, செல் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். வில்சன் நோய்க்குத் துத்தநாகம் மருந்தாவதும் இதனால்தான். நோயில்லாதவர் மாதக்கணக்கில் விழுங்கினால் இரத்தசோகையும் நியூட்ரோபில் குறைவும் வரும். கால் மரத்து நடை தள்ளாடும். பார்ப்பதற்கு அச்சாக பி12 குறைபாடு. ஊசி போட்டும் நடை தேறாவிட்டால், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மறுபடி கேளுங்கள். இங்கும் செருலோபிளாஸ்மின் குறைவாகவே வரும். சிறுநீர்ச் செம்பும் குறைந்திருப்பதே வில்சனிலிருந்து வேறுபாடு. செம்பு கொடுத்தால் இரத்தம் விரைவில் சீராகும். தண்டுவடம் அப்படியன்று, பலருக்குப் பாதிப்பு மேலும் வளராமல் நிற்பதோடு சரி. வயது வந்தவருக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் துத்தநாகம் என்பதே மேல்வரம்பு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது. முடிவு தேதி எழுதாமல் துத்தநாகம் எழுதுவதை நாம் நிறுத்த வேண்டும்.

செம்புக் குடத்துத் தண்ணீரைப் பற்றியும் நோயாளிகள் கேட்பார்கள். வில்சன் நோயாளிக்கு அது கூடாது என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. மருந்தை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. தேறிவிட்டோம் என்று நிறுத்தியவர்களைக் கல்லீரல் செயலிழப்பில் இழந்திருக்கிறோம். தொடக்கத்தில் பெனிசிலமினால் நரம்பியல் அறிகுறிகள் மோசமாகக்கூடும். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவதோடு, இதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவைத்தால் பயந்து நிறுத்த மாட்டார்கள்.

அத்தை மகன், தாய்மாமன் என்று உறவில் பெண் கொடுப்பது இன்னும் வழக்கமாக உள்ள நம் ஊர்களில் இந்நோயை அரிது என ஒதுக்க முடியாது. உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அறிகுறி வருமுன் தொடங்கும் சிகிச்சை மூளையைக் காக்கும். எனவே வில்சன் என்று உறுதியான அன்றே, அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் அண்ணன், அக்காள், தம்பி, தங்கை அனைவரையும் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொல்லுங்கள்.