முதல் மைக்ரேஷனுக்கு முன்

ஜாங்கோ சட்டகத்தில் எழுதப்பட்ட மாணவர் பதிவேடு ஒன்றில் ‘பெயர்’ என்றிருந்த புலத்தை ‘முழுப்பெயர்’ என்று மாற்றிவிட்டு ‘மேக்மைக்ரேஷன்ஸ்’ கட்டளையை இட்டால், திரையில் ஒரு கேள்வி எழும். பழைய புலத்துக்குத்தான் புதிய பெயர் சூட்டப்பட்டதா என்பது அக்கேள்வி. ‘ஒய்’ என்று தட்டினால் புலத்தின் பெயர் மாறும். உள்ளிருப்பவை அப்படியே இருக்கும். எதையும் தட்டாமல் என்டர் விசையை அழுத்தினால், ‘இல்லை’ என்பதே விடையாகக் கொள்ளப்படும். அவ்வாறாயின் பழைய புலத்தை நீக்கவும் புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் கட்டளையிடும் கோப்பு உருவாகும். அடுத்து ‘மைக்ரேட்’ இட்டதும் அத்தனை மாணவர்களின் பெயர்களும் போய்விடும். பின்னோக்கி இயக்கினால் பழைய புலம் திரும்பி வரும். ஆனால் அதில் இருந்த பெயர்கள் வரமாட்டா.

இந்தக் கேள்வியை நின்று படிக்க வேண்டும் என்று வகுப்பறையில் சொல்லித்தருவோர் அரியர். தரவுத்தளப் பாடத்தில் மூன்றாம் இயல்பு வடிவம், பாய்ஸ்–காட் வடிவம் வரை தேர்வுக்குக் கேட்கப்படுகிறது. மாடல் எழுதுவதும் மைக்ரேஷன் இயக்குவதுமோ ஒரே மூச்சில் சொல்லும் இரண்டு கட்டளைகளாகச் சுருங்கிவிடுகின்றன. நடுவில் உருவாகும் கோப்பைத் திறந்து பார்ப்பவர் இல்லை. உண்மையில், ஒரு நிறுவனம் தன்னிடம் வருபவரை எப்படிப்பட்டவராகக் கருதுகிறது என்று முடிவுசெய்யும் இடம் மாடல். அந்த முடிவு எப்போது, எவ்வாறு மாறியது என்பதற்கு எஞ்சும் சான்று மைக்ரேஷன் கோப்பு. இவ்விரண்டையும் விசைப்பலகையின் முன் இருப்பவரின் அவசரத்துக்கு விட்டுவிடுவது கல்வி நிறுவனங்களுக்கு அழகன்று.

பெயரையே எடுத்துக்கொள்ளலாம். ஜாங்கோவோடு வரும் பயனர் மாடலில் முதற்பெயர், கடைசிப்பெயர் என இரு புலங்கள் உண்டு. இரண்டையும் வெற்றாக விட ஜாங்கோ அனுமதிக்கிறது. கடைசிப்பெயரைக் கட்டாயமாக்குவது இங்கு எழுதப்படும் படிவங்களே. தெலுங்கர் பலருக்குக் குடும்பப்பெயர் முன்னால் வரும். மராத்தியருக்குத் தந்தை பெயர் நடுவில் நிற்கும். தமிழருக்குத் தந்தை பெயர் ஓரெழுத்தாகத் தலைப்பில் அமரும், குடும்பப்பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இராது. அரசு ஆவணங்களிடையேயும் உடன்பாடு இல்லை. ஆதாரில் பெயருக்கு ஒரே புலம். கடவுச்சீட்டில் இரண்டு, குடும்பப்பெயர் இடம் வெற்றாக இருக்கலாம். நிரந்தரக் கணக்கு எண்ணுக்கான விண்ணப்பத்திலோ கடைசிப்பெயர் கட்டாயம். ஒரே மாணவி மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டு, நான்காவதாகப் பல்கலைக்கழகத்தின் மாடலுக்குள் நுழைகிறாள். உதவித்தொகை வங்கிக் கணக்கில் சேர வேண்டிய நாளில் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்படுபவளும் அவளே.

நீளமும் அப்படித்தான். ‘கிருஷ்ணமூர்த்தி’ என்பது கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடுக் கணக்கில் பதினைந்து குறியீடுகள். மேற்பெயர்களோடு சேர்த்தால் 30 என்ற வரம்பு விரைவில் நிரம்பிவிடும். ஜாங்கோவை உருவாக்கியவர்களே இதில் தம்மைத் திருத்திக்கொண்டனர்: 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் கடைசிப்பெயரின் வரம்பு 30இலிருந்து 150 ஆயிற்று. முதற்பெயருக்கு அந்த நீளம் கிடைக்க 2020 ஆகஸ்டில் 3.1 பதிப்பு வர வேண்டியிருந்தது. அந்தத் திருத்தங்கள் எண்ணிடப்பட்ட மைக்ரேஷன் கோப்புகளாக இன்றும் ஒவ்வொரு நிறுவலுடனும் வருகின்றன. தவறு நடந்ததையும் அது சரிசெய்யப்பட்ட வரிசையையும் மறைக்காமல் வைத்திருக்கும் இந்த வழக்கம் நம் அலுவலகக் கோப்புகளில் அரிதே.

புதிய புலம் ஒன்றைக் கட்டாயமாகச் சேர்க்கும்போது ஜாங்கோ வேறொரு கேள்வியும் கேட்கும்: ஏற்கெனவே உள்ள வரிசைகளில் எதை எழுதட்டும்? வேலை முடிய வேண்டும் என்ற பரபரப்பில் ஏதேனும் ஒரு மதிப்பு தட்டப்படுகிறது. பாலினப் புலத்துக்கு ‘ஆண்’ என்று தட்டப்பட்டால், யாரும் சொல்லாத ஒன்று ஆயிரக்கணக்கானோரைப் பற்றிய பதிவாகிவிடுகிறது. தெரியாததைத் தெரியாது என்றே வைத்திருக்க ‘நல்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. அதை அழகற்றது என்று பொறியாளர்கள் வெறுப்பது விந்தை.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே அறிவித்துக்கொள்ளும் உரிமையை ஏற்றது. அதன்பின் படிவத்தில் மூன்றாம் தேர்வைச் சேர்க்கக் கேட்டால், ‘சிஸ்டம் இடம் தராது’ என்ற மறுமொழி எத்தனையோ அலுவலகங்களில் எளிதாக வந்துவிடுகிறது. புலம் தேர்வுப் பட்டியலாக அமைந்திருந்தால் இந்த மறுமொழிக்கு அடிப்படையே இல்லை. பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் ஜாங்கோ ஒரு மைக்ரேஷன் கோப்பை எழுதும். தரவுத்தள அட்டவணையின் அமைப்பு மாறவே மாறாது. தொடக்கத்தில் யாரோ ‘ஆணா’ என்று ஆம்–இல்லைப் புலமாக வைத்திருந்தால் மட்டுமே சிக்கல் மெய்யானது. அப்போதும் ‘இல்லை’ என்ற பதிவுகளுள் யார் யார் பெண்கள் என்பதை நிரல் ஊகிக்க இயலாது. உரியவரைத்தான் கேட்க வேண்டும்.

அயற்சாவியைப் பற்றியும் ஒரு சொல். நெறியாளர் மாடலோடு ஆய்வு மாணவரை இணைக்கும்போது, நெறியாளர் பதிவு நீக்கப்பட்டால் என்ன செய்வது என்பதை 2.0 பதிப்பு முதல் வெளிப்படையாகக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ‘கேஸ்கேட்’ என்று வழக்கம்போல் எழுதினால், ஓய்வுபெற்ற பேராசிரியரின் பதிவை ஒருவர் அழிக்கும் நாளில் அவருடைய மாணவர்களின் பதிவுகளும் சேர்ந்து அழியும். ‘புரொடெக்ட்’ என்று எழுத அதே அளவு நேரமே ஆகும்.

ஆய்வாளர்களை நேரடியாகத் தொடுவது மாவட்டப் புலம். ஆந்திரப் பிரதேசத்தில் 13ஆக இருந்த மாவட்டங்கள் 2022 ஏப்ரல் 4 அன்று 26 ஆயின. பழைய கிழக்கு கோதாவரியிலிருந்து காக்கிநாடாவும் கோனசீமாவும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. எஞ்சிய சிறு பகுதி கிழக்கு கோதாவரி என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டது. மாவட்டத்தை வெறும் பெயராகச் சேமித்த பதிவேட்டில் 2021இன் கிழக்கு கோதாவரியும் 2023இன் கிழக்கு கோதாவரியும் ஒன்றாகவே தோன்றும். அத்தரவைக் கொண்டு உயர்கல்விச் சேர்க்கையை ஆராய்பவர், அங்கே மாணவர் எண்ணிக்கை திடீரெனச் சரிந்துவிட்டதாகக் கண்டு காரணம் தேடப் புகுவார். வறட்சியையோ கட்டண உயர்வையோ காரணமாகக் காட்டி ஓர் இயல்கூட எழுதிவிடக்கூடும். சரிந்தது எல்லைக்கோடு மட்டுமே.

இதற்குத் தீர்வு புதிதன்று. மாவட்டத்துக்குத் தனி மாடல் வைத்து, அது எந்நாள் முதல் எந்நாள் வரை செல்லும் என்று இரு தேதிப் புலங்கள் சேர்த்தால் போதும். இரு கிழக்கு கோதாவரிகளும் இரு வரிசைகளாக நிற்கும். பழைய பதிவுகளைப் புதிய மாவட்டங்களோடு பொருத்த விரும்பினால், ‘ரன்பைத்தான்’ வழியே தரவு மைக்ரேஷன் எழுதலாம். ஆனால் அதற்கு மண்டல அளவிலான முகவரி வேண்டும். மாவட்டப் பெயரை மட்டும் கேட்டுவைத்த பதிவேட்டில் அது இராது. அத்தகைய மைக்ரேஷனில் இன்றைய மாடலை நேரே இறக்குமதி செய்யாமல், அந்தக் கட்டத்தில் மாடல் இருந்த வடிவத்தை ‘ஆப்ஸ்.கெட்_மாடல்’ மூலம் பெற வேண்டும் என்பது ஜாங்கோ ஆவணத்தின் அறிவுரை. கடந்த காலத்தை இன்றைய வகைமைகளால் படிக்காதே என்று வரலாற்றுத் துறையில் சொல்லப்படும் பாடத்தை நிரலாளர்கள் வேறு வழியில் வந்தடைந்திருக்கிறார்கள்.

‘மைக்ரேஷன் என்பதே பின்னர் மாற்றிக்கொள்வதற்காகத்தானே, தொடக்கத்திலேயே இவ்வளவு யோசிப்பானேன்?’ என்று கேட்கலாம். இக்கேள்வியில் நியாயம் உண்டு. 2014 செப்டம்பரில் 1.7 பதிப்போடு மைக்ரேஷன் ஜாங்கோவின் உள்ளங்கமாகும் வரை ‘சவுத்’ என்னும் துணைக்கருவியை நாட வேண்டியிருந்தது. அந்த வசதியின் அருமை அக்காலத்தில் பணியாற்றியவர்களுக்குத் தெரியும். ஆயினும் அட்டவணையின் வடிவத்தைத்தான் பின்னர் மாற்றலாம். கேட்கப்படாத விவரத்தை எந்தக் கட்டளையாலும் வரவழைக்க முடியாது. வடிவமாற்றத்திலும் எல்லாம் எளிதல்ல. பயனர் மாடலைத் திட்டத்தின் நடுவில் மாற்றுவது மிகக் கடினம், ஆகவே தனிப் பயனர் மாடல் வேண்டுமானால் அதை முதல் மைக்ரேஷனுக்கு முன்பே அமைத்துவிடுங்கள் என்று ஜாங்கோ ஆவணமே சொல்கிறது. மைஎஸ்கியூஎல்லில் அமைப்பு மாற்றங்களை ஒரே பரிவர்த்தனைக்குள் அடக்க முடியாததால், இடையில் முறிந்த மைக்ரேஷன் பாதி நிறைவேறிய நிலையிலேயே நின்றுவிடும். போஸ்ட்கிரஸ்கியூஎல்லில் அது முழுமையாகப் பின்வாங்கும்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மாணவர் திட்டப்பணியின் வாய்மொழித் தேர்வில் முகப்புப் பக்கத்தின் வண்ணங்களைப் பார்ப்பதோடு மைக்ரேஷன்ஸ் கோப்புறையையும் திறக்கச் சொல்லலாம். மூன்றாவது கோப்பு ஏன் வந்தது என்று கேட்கலாம். ‘எஸ்கியூஎல்மைக்ரேட்’ காட்டும் வரிகளை மாணவர் வாய்விட்டுப் படித்து விளக்கட்டும். பல்கலைக்கழகம் தனக்கான பதிவேட்டை எழுதும்போது, முதல் மைக்ரேஷன் இயங்குவதற்கு முன் மாடல் கோப்பின் அச்சுப்படியைச் சேர்க்கைப் பிரிவு எழுத்தரிடம் ஒருநாள் கொடுத்துவைக்கலாம். எந்தப் புலம் எந்த மாணவரைத் திருப்பி அனுப்பும் என்பதை அவர் பல ஆண்டுகளாகச் சாளரத்தின் மறுபுறம் பார்த்துக்கொண்டிருப்பவர்.