சின்னதா பெரிசா? மாமாவின் துப்பாக்கியும் என் கணக்கும்

போன மாசம் மேலூர் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்தா, மாமா போனை நீட்டுறார்.

"மாப்ள, நீ காமர்ஸ் படிக்கிற பய. இதுல சின்னது நல்லதா பெரிசு நல்லதா? கணக்கு போட்டுச் சொல்லு."

பிரிட்ஜ் வாங்கப் போறாராக்கும்னு பாத்தா, பிஸ்டல்!

மாமாவுக்கு நெல் கமிஷன் வியாபாரம். அறுப்பு சீசன்ல பணப்பையோட வண்டியில போய் வர்ற ஆள். அவருக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட பைக்ல வந்து பையைப் பறிச்சுட்டுப் போயிட்டாங்க. அன்னையிலேர்ந்து லைசென்ஸ் நினைப்பு. அவர் பயம் பொய்யில்லை. அதனால சிரிச்சுட்டு வராம, நிஜமாவே ஒரு வாரம் படிச்சேன். படிச்சதுல கிடைச்ச பதில் மாமாவுக்குப் பிடிக்கலை. நம்ம வகுப்புலயும் இதே விவாதத்தை மொபைல் கேம் பாத்துட்டு நடத்துற மாப்பிள்ளைகள் இருக்கீங்க, உங்களுக்கும் பிடிக்காது. பரவாயில்லை.

முதல்ல, எல்லாரும் உதாரணம் காட்டுற கிளாக். கிளாக் 17 முழு அளவு, கிளாக் 19 காம்பாக்ட். குழலோட நீளம் 114 மில்லிமீட்டர், 102 மில்லிமீட்டர். குண்டு 17, 15. ஆக வித்தியாசம் 12 மில்லிமீட்டரும் ரெண்டு குண்டும். அமெரிக்க ராணுவம் 2017-ல் புது பிஸ்டல் எடுத்தப்ப எம்17னு பெரிசு, எம்18னு சின்னது, ரெண்டையுமே எடுத்துக்கிச்சு. இதை வச்சு இங்க ராத்திரி ரெண்டு மணி வரை சண்டை.

ஆனா இது ரெண்டுமே மாமாவால வாங்க முடியாது. இங்க 9 எம்.எம். தடை செய்யப்பட்ட ரகம், போலீஸுக்கும் ராணுவத்துக்கும்தான். 1980-களின் நடுவிலேர்ந்து சாதாரண ஆள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்யவும் வழியில்லை. கைத்துப்பாக்கின்னா மிச்சம் இருக்கிறது பெரும்பாலும் 32 போர். அரசுத் தொழிற்சாலையில செய்யற அசானி மாதிரி. அதுல வர்றது பெரும்பாலும் சின்ன, நடுத்தர உருவம்தான். கடையில இல்லாத சரக்குக்கு எதுக்குய்யா இத்தனை விலை விசாரணை?

சரி, கிடைக்குதுன்னே வச்சுக்குவோம். சின்னது நல்லதா?

கைக்கு அடக்கமா இருக்கு, அதனால சுலபம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நேர் எதிர்! சின்ன வீல் வண்டியில போனா ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்கு வரும்ல, அதே கதைதான். எடை குறைஞ்சா அதே குண்டுக்கு உதைப்பு கூடும். முன் குறிக்கும் பின் குறிக்கும் தூரம் குறைஞ்சா, கை கொஞ்சம் அசைஞ்சாலும் குறி அதிகமா தவறும். பிடி குட்டையா இருந்தா சுண்டுவிரல் அந்தரத்துல நிக்கும். ஆக சின்ன பிஸ்டல் பழகாத ஆளுக்கானது இல்லை, ரொம்பப் பழகின ஆளுக்கானது. மாமாவுக்கு வருஷத்துக்கு இத்தனை தோட்டான்னு லைசென்ஸ்லயே எழுதியிருக்கும். அதுல எத்தனையை அவர் பழகச் செலவழிப்பார்? பத்து? இருபது?

இதே வியாபாரத்தைத்தான் 2014-ல் கான்பூர்ல செஞ்சாங்க. டெல்லி சம்பவத்துக்கு அப்புறம், பெண்களுக்குன்னு சொல்லி 'நிர்பீக்'னு ஒரு 32 போர் ரிவால்வர். எடை அரை கிலோ. விலை ஒரு லட்சத்து 22 ஆயிரத்துக்குப் பக்கம். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி வேற. மாட்டுத்தாவணியில ராத்திரி பஸ்சுக்கு நிக்கிற நம்ம வகுப்புப் பொண்ணுகள்ல எத்தனை பேரால அதை வாங்க முடியும்? பஸ் ஸ்டாண்டுல லைட்டு போடுறது அரசாங்கத்தோட வேலை. அதைச் செய்யாம, லட்ச ரூபாய் கொடு, உன்னை நீயே பாத்துக்கோன்னு சொல்றதுக்குப் பேர் பாதுகாப்பா?

இப்ப முக்கியமான விஷயம். போலீஸ்காரர் இடுப்புல பெரிய பிஸ்டல் வெளியே தெரியுது. அது ஒரு அறிவிப்பு. யார்கிட்ட ஆயுதம் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், கேள்வி கேக்கவும் முடியும். சின்ன பிஸ்டலோட ஒரே லாபம் மறைக்கலாம்ங்கிறது. மறைச்சு வச்ச கைத்துப்பாக்கி நம்ம ஊர் வரலாற்றுல என்ன செஞ்சிருக்குன்னு பாருங்க.

1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்துல செஞ்ச பிரௌனிங் பிஸ்டலால. அது வீரமா இல்லையாங்கிற சண்டைக்கு நான் வரலை. அந்த ஆயுதம் எதுக்கு வசதின்னு மட்டும் சொல்றேன். கூட்டத்தோட கூட்டமா போய், பெட்டிக்குள்ள ஏறி, ரொம்பக் கிட்ட நின்னு சுட.

1948 ஜனவரி 30, டெல்லி பிர்லா மாளிகை. கோட்சே கையில இருந்தது பெரெட்டா 1934. நீளம் 15 சென்டிமீட்டர்தான், நாம கணக்குப் பரீட்சைக்குக் கொண்டு போற ஸ்கேல் அளவு. ஏழு குண்டு பிடிக்கும், மூணு போதுமா இருந்துச்சு. பிரார்த்தனைக் கூட்டத்துல கும்பிட்டபடி வந்தவன்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு யாருக்கும் தெரியலை.

அன்னைக்கு காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி எங்க இருக்குன்னு தெரியும்ல? நம்ம ஊர்லதான். தமுக்கத்துப் பக்கம், ராணி மங்கம்மாள் அரண்மனையில, 1959-ல் நேரு திறந்து வச்ச காந்தி மியூசியத்துல. ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்ப வரிசையில தள்ளிக்கிட்டே பாத்துட்டு வந்தோம். இந்த வாரம் தனியா போய் நின்னேன். 'காம்பாக்ட்'னா என்னன்னு எந்த வீடியோவை விடவும் அந்தக் கண்ணாடிப் பெட்டி தெளிவாச் சொல்லுது.

"அப்ப திருடன் வந்தா என்னடா பண்றது?"ன்னு மாமா கேட்டார். நியாயமான கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன். பைக்காரன் பின்னாலேர்ந்து வருவான், ரெண்டு செகண்ட்ல பை போயிடும். நீங்க ஒரு கையில வண்டியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில எடுத்து, ரோட்டுல போற மத்த ஆள் மேல படாம சுடுவீங்களா? பையோட சேத்து துப்பாக்கியும் போனா? பணம் போனா புகார் கொடுக்குறவர் நீங்க. துப்பாக்கி போனா பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கதான்.

வீட்டுல? அங்க எட்டு வயசுல ஒண்ணு, அஞ்சு வயசுல ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு. பீரோவுல பூட்டி, தோட்டாவைத் தனியா வச்சா, ராத்திரி அவசரத்துக்கு ஆகாது. தலையணைக்கடியில தயாரா வச்சா, அந்த அஞ்சு வயசுக் கைக்கு ஆகும். சின்ன பிஸ்டல் சின்னக் கைக்கும் பொருந்தும் மாமா. இதுக்கு மட்டும் அவர் பதில் சொல்லலை. அத்தை அடுப்படியிலேர்ந்து எட்டிப் பாத்தாங்க.

காட்டோரத்துத் தோட்டக்காரர் பன்றிக்கு வச்சிருக்கிற நீளத் துப்பாக்கியையோ, ரைபிள் கிளப்ல பழகுற பசங்களையோ நான் சொல்லலை. அங்க ஆயுதம் வெளிப்படையா இருக்கு, ஒரு வேலையும் இருக்கு. இடுப்புல செருகிக்கிட்டு கல்யாண வீட்டுல லேசா சட்டையைத் தூக்கிக் காட்டுறாங்க பாருங்க, அந்த கெத்தைத்தான் சொல்றேன். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துல, கொண்டாட்டத்துக்குச் சுட்டு அடுத்தவன் உயிரோட விளையாடினா ரெண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம்னு தனியாவே எழுத வேண்டி வந்துச்சு. ஒரு ஆளுக்கு மூணு துப்பாக்கிங்கிறதையும் ரெண்டாக் குறைச்சாங்க. ஏன்னு யோசிங்க.

கடைசியா கணக்கு. அந்த லட்ச ரூபாய்க்கு கடையில கேமரா, சுவத்தோட பதிச்ச இரும்புப் பெட்டி ரெண்டும் வரும். விவசாயிக்குப் பணத்தை அக்கவுண்ட்ல போட்டுட்டா பையே வேண்டாம். ரொக்கம்தான் வேணும்னு சொல்றவங்களுக்கு, ரெண்டு பேரா, நேரத்தை மாத்தி மாத்திப் போகலாம். பறிக்கப் பை இல்லைன்னா பறிக்க ஆளும் வர மாட்டான்.

ஆக சின்னதா பெரிசா? ரெண்டும் வேண்டாம்ங்கிறதுதான் என் பதில். "யோசிக்கிறேன்"னு சொல்லியிருக்கார் மாமா. லைசென்ஸ் விண்ணப்பம் இன்னும் டிவிக்கு மேலதான் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க ரெண்டையும் கூட்டிக்கிட்டு மாமாவோட மியூசியம் போறதா இருக்கேன்.

டிஸ்கி: மேலூர்க்காரங்க ஆட்டோ அனுப்பிடாதீங்க. மாமா பேரை நான் சொல்லவே இல்லை :-)