கடைசி வண்டி வந்தாச்சா?

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் ஆபீசில் வேலை நடக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திரையில் கணக்குத் தாள் திறந்திருக்கும். ஆள் கேண்டீனில் இருப்பார். அங்கே ஞாயிற்றுக்கிழமைக்கான வட்ட மேஜை மாநாடு.

“மச்சி, கொல்லிமலை. எழுபது வளைவு. காலைல அஞ்சு மணிக்கு ஷார்ப்பா கிளம்பறோம்!”

எட்டுப் பேர் கை தூக்குவார்கள். சனிக்கிழமை ராத்திரி அது ஆறாகிவிடும். (ஒருவருக்கு மாமியார் வருகிறார். இன்னொருவருக்கு ‘லைட்டா ஃபீவர்’.) அஞ்சு மணி ஷார்ப் என்பது ஆறே கால் ஆகும். பெட்ரோல் பங்க்கில் கால் மணி, டிபனுக்கு முக்கால் மணி. கடைசியில் ஐந்து வண்டி, ஆறு பேர்.

இந்த ஆறு பேர், எந்த ஊரில் எந்த ஆபீசிலிருந்து கிளம்பினாலும், அதே ஆறு பேர்தான். கவனித்திருக்கிறீர்களா?

முதல் ஆள், கேப்டன். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வேகமாகப் போகிறார், அவ்வளவுதான் தகுதி. இரண்டாவது, கேமராக்காரர். மலையை அவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை, திரையில்தான் பார்த்திருக்கிறார். மூன்றாவது, புல்லட். சத்தம் வந்து ஐந்து நிமிஷம் கழித்து ஆள் வருவார். நான்காவது, அப்பாவின் ஆர்.எக்ஸ்.100-ஐ வைத்திருப்பவர். 1996-ல் தயாரிப்பை நிறுத்திய அந்த வண்டியை அவர் ஓட்டுவதைவிடத் துடைப்பதுதான் அதிகம். ஐந்தாவது, பின் சீட்டுக்காரர். லைசென்ஸ் கிடையாது, ஆனால் எல்லா வளைவுக்கும் ஓர் ஆலோசனை உண்டு.

ஆறாவது, கடைசி வண்டி. தினமும் ஆபீசுக்குப் போய்வருகிற அதே 100 சி.சி. ‘கண்ணாடியெல்லாம் இருக்கிற’ ஒரே வண்டி. போன வருஷம் கல்யாணம் ஆனவர். பின் சீட்டுக்காரரை எப்போதும் இவர் தலையில்தான் கட்டுவார்கள். இந்த வாரம் நாம் பேசப் போவது இவரைப் பற்றித்தான்.

* * *

நாமக்கல் பக்கம் சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரத்தில் நின்று மேலே பார்த்தால் பாதை தெரியாது. மலை மட்டும்தான் தெரியும். ஏற ஆரம்பித்ததும் வளைவுகளுக்கு நம்பர் போட்ட பலகைகள் வரும். ஒன்று, இரண்டு என்று உற்சாகமாக எண்ணுகிறவர்கள் முப்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிடுவார்கள்.

கொண்டை ஊசி வளைவு என்று பெயர் வைத்தவர் வீட்டில் நல்ல கொண்டை ஊசி இருந்திருக்க வேண்டும். அச்சு அசல் அதேதான். போன பாதை அப்படியே திரும்பி, இப்போது தலைக்கு மேலே போகும். நம் ஊரில் இதில் குறைச்சலே இல்லை. ஏற்காட்டுக்கு 20, கல்லட்டிக்கு 36, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70.

ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏறுகிறோம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறு டிகிரி சூடு குறையும். கீழே வேர்த்துக் கொட்டிய சட்டை மேலே சிலுசிலுக்கும். மிளகுக் கொடி, பலா மரம், செம்மேட்டில் சூடாக முடவாட்டுக்கால் கிழங்கு சூப். (பெயரில்தான் ஆட்டுக்கால். சாமி சத்தியமாக சைவம்.) மூட்டு வலிக்கு நல்லது என்று சொல்லித்தான் விற்பார்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி, அதே படிகளில் ஏறி வந்தவர்களுக்கு விளம்பரமே தேவையில்லை.

இதெல்லாம் ஏறுகிற கதை. ஏறும்போது மலையே நமக்கு பிரேக். ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டி தானாக நின்றுவிடும். விஷயம் இறங்கும்போதுதான் இருக்கிறது.

* * *

நான் பி.காம். எனக்கு வரவு செலவு தெரியும். அதனால் இதையும் கணக்காகவே பார்க்கிறேன்.

வண்டி 120 கிலோ, இரண்டு ஆள் 140 கிலோ. மொத்தம் 260. இதை ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏற்றியிருக்கிறீர்கள். அந்தச் சக்தி மலை உச்சியில் உங்கள் பெயரில் டெபாசிட் ஆகியிருக்கிறது. மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 0.7 யூனிட். 1,000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டி நாற்பது நிமிஷம் எரிகிற அளவு.

இறங்கும்போது இந்த டெபாசிட் முழுவதையும் திருப்பி எடுத்தாக வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரில் இறங்கினால் இன்ஜின் பெரும் பகுதியை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால்? மிச்சம் அத்தனையும் பிரேக் தலையில். அதாவது நாற்பது நிமிஷம் எரிகிற இஸ்திரிப் பெட்டியை வண்டிச் சக்கரத்துக்குள் வைத்துக்கொண்டு இறங்குகிறீர்கள்.

டிரம் பிரேக் என்றால் டிரம் சூடேறி விரியும். உள்ளே இருக்கும் ‘ஷூ’ வழுக்க ஆரம்பிக்கும். டிஸ்க் பிரேக்காக இருந்தால் அதற்குள் இருக்கும் ஆயில் கொதிக்கலாம். அப்புறம் லீவரை அழுத்தினால் பஞ்சு மாதிரி உள்ளே போகும். “எங்கிட்ட ஏ.பி.எஸ். இருக்கே?” என்பீர்கள். இருக்கும், 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் அது கட்டாயம். ஆனால் ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். சூட்டைத் தணிக்காது. அது வேறு டிபார்ட்மெண்ட்.

ஒரு தடவை எங்கள் குழுவின் ஆறாவது ஆளுக்கு இது நடந்தது. முன்னால் போனவர்களைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம். பெட்ரோலும் மிச்சமாகட்டும் என்று இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் விட்டுக்கொண்டு வந்தார். பத்து வளைவு தாண்டியதும் ஏதோ கருகுகிற வாடை. பின் சீட்டுக்காரர், “யார் வீட்லயோ குக்கர் தீய்ஞ்சு போச்சு” என்றாராம். நடுக்காட்டில் ஏது குக்கர்? அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தார். கால் கீழே போனது, வண்டி நிற்கவில்லை. நல்லவேளை, பள்ளத்துப் பக்கம் பார்க்காமல் மலைப் பக்கம் ஒடித்தார். ஓரத்து மண் மேட்டில் முட்டி நின்றது. முழங்கையில் தோல் போனதோடு சரி.

அடிவாரத்து டீக்கடையில் நாங்கள் மூன்றாவது டீ குடித்துக்கொண்டிருந்தோம். “எங்கடா இவனக் காணோம்?” என்று கேட்கவே இருபது நிமிஷம் ஆகியிருந்தது. அவர்களைத் தன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய டிரைவர்தான் எங்களிடம் சொன்னார்:

“தம்பி, எந்த கியர்ல ஏறுனீங்களோ, அதே கியர்ல இறங்கணும். பிரேக்கு நிறுத்தறதுக்குப்பா. இறங்கறதுக்கு இல்ல.”

நாள்பூரா மலையில் ஏறி இறங்குகிற மனிதர். பாடம் நடத்த இரண்டே வரி போதுமானதாக இருந்தது.

* * *

சரி, அந்தப் பெட்ரோல் மிச்சம்? இறக்கம் இருபத்தைந்து கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் தருகிற வண்டி. ஒரு சொட்டுகூடச் செலவாகவில்லை என்றாலும் மிச்சம் அரை லிட்டர்தான். ஐம்பது ரூபாய். சூப்பும் டீயும் சாப்பிட்ட காசு.

இன்னொரு வேடிக்கை. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அதில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு இறங்கினால், பெட்ரோல் போவதை வண்டியே நிறுத்திக்கொள்ளும். சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும். நியூட்ரலில் ஓடவிட்டால்தான் இன்ஜின் உயிரோடு இருக்கப் பெட்ரோல் குடிக்கும். ஆக, மிச்சம் பிடிக்கிறவர் செலவாளி. கியரில் இறங்குகிறவர் சிக்கனக்காரர். ஆடிட்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

* * *

ஆனால் நம் ஆறாவது ஆள் விஷயத்தில் பிரேக் இரண்டாவது காரணம்தான். முதல் காரணம், அவர் கடைசியில் வந்தது.

கேப்டன் நாற்பதில் போகிறார் என்று வையுங்கள். வளைவில் வேகத்தைக் குறைத்து, தாண்டியதும் முறுக்குவார். அவர் முறுக்கும்போது கடைசி ஆள் இன்னும் வளைவுக்குள்ளேயே இருப்பார். வெளியே வந்து பார்த்தால் முன்னால் யாரும் இல்லை. பிடிக்க வேண்டுமென்றால் அவர் ஐம்பதில் போக வேண்டும். இப்படி எழுபது வளைவு. கூட்டத்திலேயே அனுபவம் குறைந்தவர், கூட்டத்திலேயே சின்ன வண்டியில், கூட்டத்திலேயே அதிக வேகம் போகிறார். யாரும் அவரை விரட்டவில்லை. ‘ஸ்லோ பார்ட்டி’ என்று திங்கட்கிழமை கேண்டீனில் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்புதான் விரட்டுகிறது.

இதற்கு மருந்து சுலபம். கடைசி ஆளை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கேப்டனின் கண்ணாடியில் அவர் எப்போதும் தெரிய வேண்டும். (கேப்டனுக்குக் கண்ணாடி இல்லையென்றால் பதவியைப் பறிமுதல் செய்யலாம்.) கூட்டத்தில் நிதானமானவர் யாரோ அவர் கடைசியில் வரட்டும். பாதை பிரிகிற இடத்தில் பின்னால் வருகிற வண்டி கண்ணில் படும்வரை நின்று, அப்புறம் கிளம்புங்கள்.

மலைப்பாதை குறுகலாக இருந்தால் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் மரியாதை. இறங்குகிறவர் ஓரமாக நின்று வழிவிட வேண்டும். இது கருணை அல்ல, 1989-லேயே எழுதி வைத்த சாலை விதி. பஸ் வளைவில் திரும்ப மொத்த ரோடும் வேண்டும். அது வருகிற சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். உள்ளே போய் ‘நானா, நீயா’ என்று பார்க்காதீர்கள். பதில் முன்கூட்டியே தெரிந்த கேள்வி அது.

பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், தோசைக்கல் மாதிரி சுடும். சூடு தெரிந்தால் பத்து நிமிஷம் ஆறட்டும். கேமராக்காரருக்கும் அந்த இடைவெளி உபயோகப்படும்.

அடிவாரம் வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி, தலைமுடியைக் கோதிவிட்டு, “எவ்வளவு நேரத்துல இறங்கினேன் தெரியுமா?” என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தலைகளை எண்ணுங்கள். டிரையல் பேலன்ஸ் மாதிரிதான். காலையில் ஆறு பேர் போயிருந்தால் சாயங்காலம் ஆறு பேர் வர வேண்டும். ஐந்து வந்தால், மீதியெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கணக்கு டேலி ஆகவில்லை.

டேலி ஆன பிறகு டீ சொல்லுங்கள். அந்த டீக்குத் தனி ருசி.