கல்லூரி யாருடையது?

மறுதரப்பையும் கேட்ட பின்னரே தீர்ப்புக் கூறவேண்டும் என்பது நியாயத்தின் அரிச்சுவடி. கல்லூரிகளின் தரத்தை அங்கீகரிக்கும் ஆணையம் ஒன்று 2013 ஆம் ஆண்டில் இந்த அரிச்சுவடியை மறந்தது. அதனை நினைவூட்டுவதற்கு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரமே நீதிமன்றப் படியேற நேர்ந்தது. எங்கோ கடல் கடந்த நகரத்துக் கல்லூரி வழக்கு எமக்கெதற்கு என்று வினவும் வாசகர் சற்றே பொறுத்தருள்வாராக.

வழக்கின் பொருளாக நின்ற நகரக் கல்லூரி 1935 இல் தோன்றியது. அது சர்வகலாசாலையன்று, உயர்தரப் பாடசாலையுமன்று. இரண்டுக்கும் நடுவே, ஊர் மக்களின் வரிப்பணத்தில், ஊர் மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுக்கும் சபையின் ஆட்சியில் இயங்கும் கல்விக்கூடம். எமது கிராமங்களின் சனசமூக நிலையங்களை அறிந்த நாம் இதனைச் சனசமூகக் கல்லூரி என்றே அழைக்கலாம். இத்தகைய பொதுக் கல்லூரிகளுள் முதலாவது 1901 இல் இலினோய் மாநிலத்து ஜோலியெற் நகரில் எழுந்தது. கலிபோர்னியா மாநிலமோ 1907 இலேயே இதற்குச் சட்டம் இயற்றி, 1910 இல் பிரெஸ்னோவில் வகுப்புகளைத் தொடங்கியது. பின்னர் 1960 இல் அம்மாநிலம் உயர்கல்வி முழுவதற்கும் ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பாடசாலையை முடிப்போருள் எட்டில் ஒருவருக்கு மாநிலத்தின் தலைமைச் சர்வகலாசாலை; மூன்றில் ஒருவருக்கு மாநிலக் கல்லூரிகள்; சனசமூகக் கல்லூரிகளோ எவருக்கும். பதினெட்டு வயது நிரம்பி, போதிக்கப்படும் கல்வியாற் பயன்பெறத் தக்கவராயின், பாடசாலைத் தராதரப் பத்திரம் இல்லாதவரையும் அங்கே சேர்க்கலாம். சட்டப் புத்தகங்களோடு காலங்கழிக்கும் எமக்கு, ஒரு சட்டத்தைப் படித்து உள்ளங்குளிர்வது அடிக்கடி கிட்டும் அநுபவமன்று. இதைப் படித்தபோது குளிர்ந்தோம்.

இந்நாட்டிலும் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. கமக்காரன் மகனும் வைத்தியராகலாம் என்ற நம்பிக்கை அன்றுதான் எமது வீடுகளில் விளக்கேற்றியது. ஆயினும் பத்தொன்பது வயதில் எழுதும் ஒரே பரீட்சையும், அதன்மேல் வந்த மாவட்டக் கணக்கும் வாயிலை எவ்வளவு ஒடுக்கிவிட்டன என்பதை நாம் சொல்லித்தான் பெற்றோர் அறியவேண்டுமா? சித்தியெய்தியும் இடங் கிடைக்காத பிள்ளை எத்தனை வீட்டுத் திண்ணைகளில் குந்தியிருக்கிறான்! அந்தப் பிள்ளை முப்பது வயதில், ஐம்பது வயதில், திரும்பிவந்து தட்டக்கூடிய கதவு எது?

சான் பிரான்சிஸ்கோக் கல்லூரி அத்தகைய கதவாய் இருந்தது. அங்கே மாணவர் விடுதி கிடையாது. மாணவர் வீட்டிலிருந்தே வந்து போவர். இரண்டாண்டு பயின்று சர்வகலாசாலைக்கு மாறிச் செல்லும் இளைஞர் ஒருபுறம். தாதியர் தொழிலும் விமானத் திருத்த வேலையும் பயில்வோர் ஒருபுறம். விருந்தோம்பற் பகுதி மாணவர் தாமே சமைத்துத் தாமே பரிமாறுவர். சீனப் பேட்டையிலும் மிஷன் பகுதியிலும் உள்ள கிளைகளில், நேற்று வந்திறங்கிய அகதியும் பேரப்பிள்ளை கண்ட கிழவியும் அருகருகே அமர்ந்து ஆங்கில எழுத்தைக் கூட்டுவர். பிரசாவுரிமைப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வர். இவ்வகுப்புகளுக்குக் கட்டணமில்லை. 1940 இல் மெக்சிக்க ஓவியர் டியேகோ ரிவேரா கண்காட்சிக்கு வந்தோரின் கண்முன்னே தீட்டிய மாபெரும் சுவரோவியம், 1961 முதல் அறுபது ஆண்டுகளாக இக்கல்லூரி நாடக அரங்கின் முகப்பில் நின்றது. செல்வந்தர் மாளிகைக்குப் போகக்கூடிய அப்பொருளை, தச்சுவேலைக்குப் போகும் வழியில் மாணவன் அண்ணாந்து பார்த்துச் சென்றான். கமத்தொழில் புரியும் வாசகர்க்கு ஒன்று கூறுவோம். பிரெஸ்னோ மாவட்டத்து ரீட்லியில் உள்ள இத்தகைய கல்லூரி ஒன்றுக்குச் சொந்தப் பண்ணை நிலமே உண்டு. அங்கே கமம் கரும்பலகையில் மட்டும் கற்பிக்கப்படுவதன்று.

இனி வழக்குக்கு வருவோம். 2012 ஜூலையில் அங்கீகார ஆணையம் நகரக் கல்லூரியை நோக்கி, அங்கீகாரத்தை ஏன் நீக்கக்கூடாது என்று காரணங் காட்டக் கட்டளையிட்டது. ஆணையம் அரசாங்கத் திணைக்களமன்று. மத்திய அரசின் ஏற்புப் பெற்ற தனியமைப்பு. ஆயினும் அதன் ஒரு சொல்லால் மாநில மானியம் நிற்கும். மாணவர் உதவிப்பணம் நிற்கும். எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் பயின்ற நிறுவனம் கதவடைக்கும். குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றியவை. அவை முழுப் பொய் என்று நாம் வாதாட மாட்டோம். சேமநிதி மெலிந்துதான் இருந்தது. வருவாயின் பெரும்பகுதி சம்பளத்துக்கே போயிற்று. 2008 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் மாநில மானியம் சுருங்கியபோதும் வகுப்புகளைப் பூட்ட மனமின்றிச் சபை காலங் கடத்தியது. இது கணக்கில் பிழை. ஆனால் அது கற்பித்தலில் பிழையன்று.

அவ்வாண்டு நவம்பரில் நகர வாக்காளர் என்ன செய்தனர்? கல்லூரிக்காகத் தம் ஒவ்வொரு காணித் துண்டின் மீதும் ஆண்டுக்கு 79 டொலர் வரியைத் தாமே விதித்துக்கொண்டனர். மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்டோர் ஆம் என்றனர். தம்மேல் தாமே வரி விதிக்கும் மக்களை நாம் அடிக்கடி கண்டதில்லை.

ஆணையம் இதனாற் கரையவில்லை. 2014 ஜூலை 31 உடன் அங்கீகாரம் நீங்கும் என்று 2013 ஜூலையில் தீர்மானித்தது. உடனே மாநில நிர்வாகம், மக்கள் தெரிந்தெடுத்த சபையின் அதிகாரத்தை அகற்றி, நியமனம் பெற்ற ஒருவரின் கையில் முழு ஆட்சியையும் ஒப்படைத்தது. அவருக்குத் தந்த பெயர் விசேட தர்மகர்த்தா. கோயில் தர்மகர்த்தா வழக்குகளில் நாம் பட்ட பாட்டை அறிந்த வாசகர் இங்கே புன்னகை புரியலாம். 2018 ஒக்ரோபரில் மாகாண சபையின் காலம் முடிந்த பின், ஆளுநரின் கையொப்பத்தின் கீழ் ஆண்டுகளைக் கழித்த வடபகுதி வாசகர்க்கு அப்புன்னகையும் வராது. சபை பிழைவிட்டால் அடுத்த தேர்தலில் அதனை வீட்டுக்கு அனுப்பலாம். நியமனம் பெற்றவரை எந்த வாக்குச்சீட்டால் அனுப்புவது?

2013 ஓகஸ்டில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. மத்திய கல்வித் திணைக்களம், ஆணையத்தின் நடைமுறையிலேயே குறை கண்டது. பரிசோதிக்கச் சென்ற குழுவில் ஆணையத் தலைவியின் கணவரே அங்கத்தவராய் இருந்தாராம்! அதே மாதத்தில் நகரச் சட்டத்தரணி டெனிஸ் ஹெரேரா ஆணையத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 2014 ஜனவரியில் நீதிபதி கேர்ட்டிஸ் கார்னோ இடைக்காலத் தடை வழங்கினார். வழக்கு முடியும்வரை அங்கீகாரம் நீங்காது. 2015 இன் தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. புதிதாகக் கண்ட குறைகளுக்கு மறுமொழி கூறக் கல்லூரிக்குத் தக்க வாய்ப்பளியாது தண்டித்தமை சட்டவிரோதம் என்பதே அதன் சாரம். கல்லூரி குற்றமற்றது என்று நீதிபதி கூறவில்லை. ஆணையத்தின் முடிவை அவர் நேரே புரட்டவுமில்லை. மறுபரிசீலனைக்கு வழிவிடுமாறே பணித்தார். நீதிமன்றம் கல்லூரி நடத்தப் புறப்படாமல், நீதியை மட்டும் நடத்தியது. இவ்வடக்கமே அத்தீர்ப்பின் பெருமையென நாம் கருதுகிறோம்.

அவ்வாண்டில் தெரிந்தெடுக்கப்பட்ட சபைக்கு அதிகாரம் மீண்டது. 2017 ஜனவரியில் ஏழாண்டுக்கு முழு அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் இடையில் கழிந்த ஆண்டுகளை யார் மீட்பார்? மூடப்படும் கல்லூரி என்ற வதந்தியே போதுமாயிருந்தது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மாணவர் வராது விட்டனர். மாணவர் தொகையை வைத்தே மானியம் அளக்கப்படுவதால், வழக்கில் வென்ற கல்லூரி கணக்கில் தோற்றது. முதலில் விலகியோர் யாராயிருந்திருப்பர்? தராதரப் பத்திரத்தை நாடி வந்தவரினும், மாலையில் ஒரு பாடம் மட்டும் கேட்க வந்த தொழிலாளியும் கிழவியுமே என்பது எம் ஊகம். ஒரு கல்லூரியின் பயனை, அது வழங்கும் பத்திரங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளப்போர்க்கு இவர்கள் நட்டமாகத் தோன்றுவதில்லை.

நகரம் மறுபடியும் முன்வந்தது. இக்கல்லூரிகளில் 1984 வரை கட்டணமேயிருந்ததில்லை. 2012 முதல் ஒரு பாட அலகுக்கு 46 டொலர். 2016 நவம்பரில், ஐம்பது இலட்சம் டொலரும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள சொத்துகள் கைமாறும்போது அறவிடும் வரியை வாக்காளர் உயர்த்தினர். அவ்வருவாயின் துணையோடு 2017 இலையுதிர் காலம் முதல் நகரவாசிகளுக்கு வகுப்புக் கட்டணத்தை நகரமே ஏற்றது. மாளிகை விற்றவனின் வரியில் சமையற்காரி கணிதம் படித்தாள்.

இதற்குப் பின்னும் நிதிப் பள்ளம் தூரவில்லை. 2022 இல் முழுநேர ஆசிரியர் 38 பேரை நிறுத்தச் சபை வாக்களித்தது. அவ்வாண்டு நவம்பரில் கல்லூரிக்கென இன்னொரு காணி வரி கேட்கப்பட்டபோது, பத்தாண்டுக்கு முன் மனமுவந்து வரி கொடுத்த அதே நகர வாக்காளர் இல்லை என்று மறுத்துவிட்டனர். அம்மறுப்பு எமக்கு வருத்தமே. எனினும் அது பிறர் நியமித்த ஒருவரின் கட்டளையாய் வரவில்லை. கணக்கைப் பார்த்து, இருதரப்பையும் கேட்டு, ஊரவரே சொன்ன பதில் அது.