உங்கள் மலை எது?

"பள்ளிக்கூடத்தில் பெபேஹா தயார் பண்ணி வரச் சொல்லியிருக்கிறார்கள். மகளுக்கு எந்த மலையைச் சொல்லிக் கொடுக்கட்டும்?" என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். நியூசிலாந்தில் பிள்ளை வளர்க்கிற நம் எல்லாருக்கும் ஒருநாள் வருகிற கேள்விதான். மற்ற நாட்டு வாசகர்களுக்காக: பெபேஹா என்பது மாவோரி மக்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முறை. என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் வந்த ஓடம் இது, என் குலம் இது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் சொந்தப் பெயர். நம்ம ஊர்ப் பெரியவர்கள் "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

நான் இருப்பது ஆக்லாந்தில் மவுண்ட் வெல்லிங்டன். சில்வியா பார்க் மாலில் கார் நிறுத்துகிற நம்மில் பலர் பக்கத்து மலையை நிமிர்ந்து பார்த்திருப்போம். "வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது இதுதானே, இதையே என் மலை என்று சொல்லிவிட்டுப் போகட்டுமே" என்று தோன்றும். சொல்வதற்கு முன்னால் அந்த மலையின் கதையைக் கேளுங்கள்.

அதன் பெயர் மவுங்காரெய். காவல் காக்கும் மலை என்று ஒரு பொருள் சொல்கிறார்கள். பறவை மேல் ஏறி வடக்கே போன ரெய்பாயே என்ற மூதாட்டியின் மலை என்பது இன்னொரு மரபு. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலை, உயரம் 137 மீட்டர். சரிவுகளில் படிப்படியாகத் தெரிகிறதே, அது மழை அரித்ததில்லை. மனிதர் கையால் வெட்டிச் சமன் செய்த தளங்கள். 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் இங்கே நடந்த அகழாய்வில் வீட்டு மனைகள், கிழங்குக் குழிகள், மலை மலையாகச் சிப்பி ஓடுகள் எல்லாம் கிடைத்தன. மதுரையில் நாயக்கர் ஆட்சி நடந்த 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இந்த மலையில் ஒரு பெரிய ஊரே இருந்தது.

என்ன சாப்பிட்டார்கள்? கூமரா. நாம் சர்க்கரைவள்ளி, வத்தாளங்கிழங்கு என்று சொல்கிற அதே வகைதான். வெப்ப நாட்டுப் பயிர். இங்கத்தைய குளிரில் மண்ணிலேயே விட்டால் அழுகிவிடும். சூடு பிடிக்கும் எரிமலை மண்ணில் நட்டு, குளிருக்கு முன் தோண்டி எடுத்து, ஈரம் தங்காத குழிகளில் கூரை போட்டுச் சேமித்தார்கள். அடுத்த வருஷத்து விதையும் அதில்தான் இருந்தது. நம்ம ஊர்க் குதிர் மாதிரி. குழி கெட்டால் ஊர் கெட்டது.

இடம் எப்படிப்பட்டது பாருங்கள். கிழக்கே தாமாக்கி ஆறு. கொஞ்சம் தெற்கே, ஒட்டாஹுஹுவில், கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் நடுவே நிலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஓடத்தை அங்கே தரையில் இழுத்து அடுத்த கரையில் இறக்கிவிடலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைச் சரக்கு கொங்கு நாட்டுக்கு வந்ததே, அந்த மாதிரி ஒரு வாசல். இங்கே காசும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. ஆனால் உறவும் விருந்தும் பரிமாற்றமும் இந்த வழியில்தான் போய் வந்தன. இன்றைக்கும் அங்கே ஒரு தெருவுக்குப் பெயர் போர்ட்டேஜ் ரோடு.

பிறகு 1821. பக்கத்துப் பான்மியூரில் ஆற்றங்கரையோரம் மோக்கோயா என்ற பெரிய ஊரில் ங்காத்தி பாவா மக்கள் வாழ்ந்தார்கள். முந்தின வருஷம்தான் மிஷனரி சாமுவேல் மார்ஸ்டன் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். வடக்கிலிருந்து ஹொங்கி ஹிக்கா துப்பாக்கிகளோடு படையெடுத்து வந்தார். இங்கிலாந்து போய் மன்னரைப் பார்த்து, வாங்கிய பரிசுகளைச் சிட்னியில் துப்பாக்கியாக மாற்றிக்கொண்டு வந்தவர் அவர். ஊர் அழிந்தது, ஏராளமானோர் மாண்டார்கள், மிஞ்சியவர்கள் சிதறினார்கள். அந்த மண்ணில் பல காலம் யாரும் குடியேறவில்லை. ஊரை விட்டு ஓடுவது என்றால் என்ன என்று நம்மில் பல குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெல்லிங்டன் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது. நெப்போலியனை வென்ற பிரபுவின் பெயர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்டாரே ஆர்தர் வெல்லெஸ்லி, அவரேதான். குன்னூர் பக்கத்து வெலிங்டனும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இங்கே இந்த மலை, அங்கே அந்த ஊர், இரண்டின் மேலும் ஒரே மனிதரின் பெயர்! பெயர் மட்டும் போகவில்லை. மலையின் எரிமலைக் கல்லையும் வெட்டி எடுத்தார்கள். அந்தக் கல் குவாரிதான் இன்று ஸ்டோன்ஃபீல்ட்ஸ் குடியிருப்பு. 2014-இல் வந்த சட்டத்தால் மலை மறுபடி மாவோரி குலங்களின் பேருக்கு வந்திருக்கிறது. அவர்களும் நகரசபையும் சேர்ந்து பராமரிக்கிறார்கள்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். "மவுங்காரெய் என் மலை" என்று நம்ம பிள்ளை சொன்னால், "என் முன்னோர் இதில் வாழ்ந்தார்கள்" என்று பொருளாகிவிடும். அது நம்முடையது இல்லை. அதற்காகச் சும்மா இருக்கவும் வேண்டாம். இரண்டு வரி சொல்லட்டும். "என் தாத்தா பாட்டியின் மலை இது" என்று திருப்பரங்குன்றமோ, நல்லமலையோ, திருகோணமலையோ, உங்கள் குடும்பத்துக்கு எதுவோ அது முதல் வரி. மலையே இல்லாத ஊர் என்றால் குளமோ கோயிலோ சொல்லலாம். "மவுங்காரெய் மலையின் அடிவாரத்தில் நான் வளர்கிறேன்" என்பது இரண்டாவது. மாவோரியில் எப்படிச் சொல்வது என்று ஆசிரியரிடம் கேளுங்கள், சொல்லித் தருவார்.

முதல் வரிக்குப் பாட்டிக்கு ஒரு போன் போட வேண்டியிருக்கும். போடுங்கள். இரண்டாவது வரிக்கு, ஒரு சனிக்கிழமை மலைக்குக் கூட்டிப் போங்கள். உச்சிக்குக் கார் போகாது, நடந்துதான் ஏறணும். குழிகளில் இறங்கி ஓட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள். ஏன் என்று கேட்டால், "அது ஒரு வீட்டின் சமையலறை" என்றால் போதும். நம்ம பிள்ளைகளுக்குப் புரியும்.